மின்விசிறியின் பெரிய மனசு

ஒரு வீட்டின் மொட்டை மாடியில் கரண்ட் எடுக்கக் குட்டிக் காற்றாலை ஒன்றை நட்டு, அதன் ஒயரைக் கூடத்துக்கு இழுத்துவிட்டார்கள். கூடத்து மின்விசிறிக்கு அதைப் பார்த்து ஒரே சிரிப்பு.

"நாள் முழுக்கச் சுத்துறியே தம்பி, உன்னால யாருக்காவது துளி காத்து உண்டா? எனக்குக் கீழே பாரு, குழந்தை எப்படித் தூங்குது!"

"தூங்கட்டும் அண்ணே" என்று காற்றாலை ஆடிக் காற்றில் குஷியாகச் சுற்றியது.

மத்தியானம் தெருவுக்கே கரண்ட் போனது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் புகை கக்கி இருமியது. இந்த விசிறி மட்டும் நிற்கவில்லை.

"கரண்டே இல்லாம சுத்துறேன், பாத்தியா! எல்லாம் உடம்பு வாகு."

சாயங்காலமும் கரண்ட் வரவில்லை; காற்றும் ஓய்ந்தது. காற்றாலை நின்றது. விசிறியும் தள்ளாடி நின்றது. குழந்தை சிணுங்கியது.

விசிறி தொண்டையைச் செருமிக்கொண்டது. "நீ ஒண்டியா நிக்கிறியேன்னு பாவமா இருந்துச்சு தம்பி. துணைக்குத்தான் நானும் நின்னேன்."

"ரொம்பப் பெரிய மனசு அண்ணே."

அதற்குள் தென்னை ஓலைகள் சலசலத்தன. காற்றாலை சிரித்தபடி இறக்கையை அசைத்தது.

"நான் கிளம்புறேன். குழந்தை அழுவுது, சீக்கிரம் நீங்களும் வாங்க!"