மூடி வைத்த கங்கு

ராஸ்காமன் மலைச்சரிவில் தன் நிலத்தில் மாட்டுக்கொட்டகை கட்ட விவசாயி மாலக்கி ஏற்பாடு செய்திருந்தார். அந்த இடத்தில் ஆயிரத்து இருநூறு வருஷத்துப் பண்ணைவீடு ஒன்று புதைந்திருந்ததால், முதலில் கிரான்யாவின் அகழாய்வுக் குழு தோண்டிப் பார்த்தது.

கடைசி நாளன்று நாலடி ஆழத்தில் களிமண் தரையும் நடுவில் அடுப்பும் வெளிப்பட்டன. சாம்பலைத் தொட்ட கிரான்யா கையை இழுத்துக்கொண்டாள். சூடாக இருந்தது.

"என்னம்மா, தங்கமா? எனக்கும் பங்கு உண்டுல்ல?" என்று சிரித்தபடி மாலக்கி குழிக்குள் இறங்கினார். சாம்பலைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"இது அணைஞ்ச அடுப்பு இல்லம்மா. காலையில ஊதிக்கலாம்னு சாம்பல் போட்டு மூடி வெச்சிருக்காங்க. எங்கம்மாவும் தினம் இப்படித்தான் மூடுவாங்க."

விரலால் சாம்பலை விலக்கினார். உள்ளே கங்கு சிவந்து கிடந்தது.

"திங்கக்கிழமை இங்கதானே தூண் நடப்போறீங்க?" என்றாள் கிரான்யா.

"நடல. மாடுங்க பழைய எடத்துலயே நனையட்டும். ஆள் இருக்கற வீட்டு மேல எப்படிம்மா தூண் நடறது?"

சாம்பலை அவரே பழையபடி மூடினார். குழியின் மேல் தார்ப்பாய் விரித்து, ஓரமெல்லாம் கல் வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை குழியை மண் போட்டு மூட வந்தார்கள். கற்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. தார்ப்பாயை விலக்கியதும் புகை எழுந்தது. சாம்பலைக் கிளறி, அடுப்பெரிக்கும் சதுப்புமண் கட்டி ஒன்றை யாரோ புதிதாக வைத்திருந்தார்கள். அதன் ஒரு முனை எரிந்துகொண்டிருந்தது. இருவரும் மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள்.

அடுப்பின் முன்னால் ஈரக் களிமண்ணில் இரண்டு முழங்கால்கள் பதிந்திருந்தன. அவற்றை ஒட்டி, இன்னும் சின்னதாக இரண்டு.