பின்னணி இசை இல்லாத தொடர்

ஏழரை மணித் தொடரென்றால் இடி இடிக்கும், ஒருத்தி முறைப்பதற்குள் பின்னணி இசை மூன்று தடவை அலறும். அந்த இரைச்சலை நம்பித்தான் வசுமதி கட்டைப்பையோடு கொல்லைக் கதவருகே நின்றாள். துருப்பிடித்த தாழ்ப்பாள், இழுத்தால் கிறீச்சிடும். ஆனால் பழைய தொடர் நேற்றோடு முடிந்திருந்தது. இன்று தொடங்கிய புதியதில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேச்சில்லை, இசையில்லை. வீட்டில் மின்விசிறி சுற்றுவதுகூடக் கேட்டது.

“என்ன எழவு சீரியல்மா இது?” என்றான் அவள் கணவன் குணசீலன். “ஏய் வசு, காப்பி என்னாச்சு?”

நேற்று அவன் முறுக்கியதில் வீங்கியிருந்த கை தாழ்ப்பாளிலேயே உறைந்தது. அவன் எழுந்துகொள்ளும் சத்தம் கேட்டது.

“உக்காருடா. பாலு காய வேணாமா?” என்றாள் மாமியார். “எனக்கு இது நல்லாத்தான் இருக்கு. என்ன, காதுலதான் விழல.”

“யாரும்மா பேசுறா, விழறதுக்கு?”

மாமியார் ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தாள். திரையில் ஒலியைக் காட்டும் பச்சைக் கோடு கடைசிவரை ஓடி நின்றது. அந்தப் பெண் அப்போதும் வாய் திறக்கவில்லை. சட்டென்று விளம்பரம் வந்தது. சோப்புப் பாட்டு வீட்டையே உலுக்கியது.

“கொறைம்மா!” என்று அவன் கத்தியது அதற்குள் அமுங்கிப்போனது.

வசுமதி தாழ்ப்பாளை இழுத்தாள். முன்வாசலில் கிடந்ததால் எடுக்க வழியில்லாமல் அவள் கைவிட்டிருந்த செருப்புகள், கொல்லைப்படியில் வெளியே பார்த்தபடி ஜோடியாக இருந்தன.