பதினேழாம் நம்பர் மரம்

ஜவ்வாது மலையில் தன் புளிய மரங்களின் காய்ப்பை ஆன்லைனில் ஏலம் விட்டுப் பிழைக்கும் ஈஸ்வரி, இந்த மாசியில் ஒரு தப்பு செய்துவிட்டாள். போன வருஷத்துப் பட்டியலை அப்படியே ஏற்றிவிட்டாள். பதினேழாம் நம்பர் மரமும் போட்டோவோடு ஏலத்துக்குப் போய்விட்டது.

புருஷன் மணிவேல் விழுந்து செத்த மரம் அது. அன்றைக்கு அவன் மேலே இருக்கும்போதே, வேறொரு மரத்துக்கென்று ஏணியை எடுத்துப் போனவள் அவள்தான். காரியம் முடிந்த கையோடு மரத்தை வெட்டச் சொல்லிவிட்டாள்.

ஏலம் எடுத்த போளூர் வியாபாரிக்குப் பதறிப்போய் போன் போட்டாள்.

"மன்னிச்சுக்கங்கண்ணே, அந்த மரம் இல்லீங்க."

"இன்னாம்மா தமாஷ் பண்றே? காலைலயே வந்து பதினாலு மூட்டை ஏத்திட்டோம். உன் வூட்டுக்காரராமே, அவருதான் ஏறி உலுக்கினாரு. டீ குடிக்க எறங்கி வாய்யான்னா, ஈஸ்வரி ஏணி எடுத்தாரட்டும்னு மேலயே குந்திக்கினு இருக்காரு."

ஈஸ்வரி மூங்கில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்கு நடந்தாள். வெயிலில் அடிக்கட்டை மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே, வெறும் காற்றில் ஏணியைச் சாய்த்தாள்.

ஏணி விழவில்லை.

மேல்படி கிறீச்சிட்டது. பிறகு, அதற்குக் கீழ்ப்படி.