அணிக்குப் பெயர் அம்பு

“அலையா? கரைக்குப் போன அலை அப்படியே திரும்பி வந்துடும்பா. வேண்டாம், வேற சொல்லு,” என்றார் திருநாவுக்கரசு.

வருடம் 1966. இடம், மெட்ராஸிலிருந்து மூன்று நாள் கப்பல் தூரத்துத் தீவில், பாம்பூஃப்ளாட் என்ற ஊரில் அவர் வீட்டு வராந்தா. மரக்கிடங்கு ஹெட்கிளார்க்கான அவர், தீவில் ஒரு கூடைப்பந்து அணியை ஆரம்பித்து, தலைவராகத் தம்மையே ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார். மெட்ராஸ் போட்டிக்குப் போகிற அணிக்குக் கப்பலில் இடம் ஒதுக்குவார்கள். அணியின் பெயரோடு விண்ணப்பம் ஐந்து மணிக்குள் அக்கரையில், கப்பல் ஆபீஸில் சேர வேண்டும். நாலேகால் போட்டை விட்டால் போச்சு.

எதிரே அணியின் கேப்டன் லூர்துநாதன் நின்றிருந்தான். கிடங்கில் மரம் தூக்குகிற அவன் கூடைப்பந்தைக் கண்ணால் கண்டதில்லை. மற்ற நாலு பேரும் அப்படித்தான். தூத்துக்குடியில் அவன் மனைவி செலினுக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. மூன்று கப்பலும் போய்விட்டது, டிக்கெட் இல்லை. இந்தக் கப்பலிலாவது போய்ப் பிள்ளை முகத்தைப் பார்த்துவிட வேண்டும்.

“அப்போ ஆலான்னு வைங்கய்யா. கடல் பறவை. நல்லாப் பறக்கும்லா?”

“பறக்கும். பொழுது சாய்ஞ்சா திரும்பிடும். நஹி, நஹி!”

“புயல்?”

“கப்பலையே நிறுத்திடுவான்.”

“ஜல்தி சொல்லுங்கய்யா, போட்டு போயிரும்!”

“பறக்காதே. அமெரிக்காவுல மாசச் சம்பளம் கொடுத்து கூடைப்பந்து ஆட வெக்கிறான். ஒவ்வொரு டீம் பேருக்கும் ஒரு சரித்திரம் எழுதுறான். நாளைக்கு நம்ம சரித்திரத்தை எழுதுறவன் யாரை வந்து கேட்பான்? என்னைத்தானே?”

“மாப்பிள்ளே!” உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. “சரித்திரத்தை மெதுவாப் பேசுங்க, காது வலிக்குது. இதுவும் ஒரு காப்பியா? மன்னார்குடியில இதை மாட்டுக்குத்தான் வைப்போம்!”

சரித்திரம் சட்டென்று தாழ்ந்தது.

“அம்பு,” என்றார் தலைவர், ரகசியம் சொல்வதுபோல. “விட்டா விட்டதுதான். திரும்பவே திரும்பாது. பக்கா!”

“நாங்க திரும்பி வரணும்லாய்யா? வேலை இருக்கே?”

“நீங்க வருவீங்க. நான் பேருக்குச் சொன்னேன்.”

அவர் எழுதி முடித்து, விண்ணப்பத்தை உறையிலிட்டு நீட்டினார். “கோச் பேரையும் போட்டுட்டேன். கப்பல்ல உங்ககூடத்தான் வர்றாங்க.”

லூர்துநாதனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “கோச்சா? ரொம்பக் கண்டிப்போ?”

“ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசிடாதே. நானே பேசினதில்லை.”

அவ்வளவுதான். கப்பல் ஏறுமுன்னே பந்தைப் போடச் சொல்லுவான், குட்டு வெளிப்பட்டுவிடும். பிள்ளை முகம் அடுத்த வருடம்தான்.

ஓடிப்போய்ப் போட்டில் குதித்தான் லூர்துநாதன். பாதிக் கடல் தாண்டுவதற்குள் மனசு கேட்காமல் உறையைப் பிரித்தான்.

ஆட்டக்காரர்கள் ஐந்து பேர், போக, வர. அதற்குக் கீழே, ஹெட்கிளார்க்கின் முத்து முத்தான கையெழுத்தில்:

‘கோச்: விசாலாட்சி அம்மாள், வயது 68, மன்னார்குடி. போக மட்டும்.’