மூன்று தண்ணீர்

மங்களேஸ்வரி அக்கா எனக்குத் தர வேண்டியது இருநூற்றுப் பத்து ரூபாய். மாடித் தொட்டிகளுக்கு மண் கலந்து கொடுத்த கூலி. பாதி விலைக்குக் கிடைக்கிறதென்று, உப்பங்கழியில் ஊறிய தென்னை நார்த்தூளை நான்தான் வாங்கி வந்தேன். மூன்று தண்ணீர் விட்டு அலசி உப்பைப் போக்கிய பிறகே அதில் செம்மண்ணும் மண்புழு உரமும் சேர்க்க வேண்டும். அன்றைக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஒரு தண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன்.

இருபது நாள் கழித்துக் கூலி வாங்கப் போனேன். கத்தரி நாற்றெல்லாம் நுனி கருகிச் செத்திருந்தது.

"மண்ணு என்ன தம்பி செய்யும்? வீட்டுக்காரரு தவறினதிலேருந்து மாமியா என் கைய 'விளங்காத கை'ன்னுதான் சொல்லுது. நான் நம்பல. இப்ப செடியே சொல்லிருச்சு" என்றார் அக்கா.

உப்பு என்று சொல்ல வாய் திறந்தேன். "வெயிலு ஜாஸ்திக்கா" என்றுதான் வந்தது.

அக்கா பணத்தைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். "எடுத்துக்க. இந்தக் கையால உனக்கு எதுக்கு?"

"கையிலேயே குடுங்கக்கா" என்று இரண்டு கையையும் ஏந்தினேன்.

அக்கா கிட்டே வந்தார். பிறகு நோட்டுகளை எடுத்து, விரல் பட்டுவிடாமல், மேலேயிருந்து போட்டார்.