ஐந்தாவது விரல்

துண்டை விரித்துத் தன் வலது கையை மூடிக்கொண்டார் அண்ணன் நாச்சிமுத்து.

"கையக் குடு, அம்மிணி."

மாட்டுச் சந்தையில் தரகர்கள் இப்படித்தான் விலை பேசுவார்கள். துண்டுக்கு அடியில் விரல் பேசும். மேலே வாய், மழை தண்ணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். துண்டை உருவியவர் சொல்வதுதான் முடிவு. மறுத்துப் பேசினால் சந்தையில் மரியாதை இல்லை.

இங்கே மாடு இல்லை. மேசை மேல் பிழைதிருத்த வந்த அச்சுப்படி ஒன்று கிடந்தது. அறுபத்திரண்டு வயதில் அவள் எழுதிய முதல் நாவல். கடைசி அத்தியாயமான எட்டாவதில் அண்ணன் இருந்தார். அச்சகத்தில் வேலை பார்க்கும் அவருடைய மருமகன்தான் படித்துக் காட்டியிருக்கிறான். இப்போது சாட்சியாகக் கதவோரம் நிற்கிறான்.

அந்த அத்தியாயம் போக வேண்டும். அதற்கு என்ன விலையோ அதை விரலில் பேசிக்கொள்ளலாம் என்கிறார்.

அவள் கையைக் கொடுக்கவில்லை.

ஏழு வயதில் அவள் வரைந்த முதல் படமே அந்தத் துண்டுதான்.

துண்டை மட்டும் வரைந்திருந்தால் தப்பித்திருப்பாள். உயரம் பற்றாததால் கீழேயிருந்து பார்த்திருந்தாள். தரகரான அப்பா எந்த விரலைப் பிடித்தார், எத்தனை விரலைப் பிடித்தார், எல்லாவற்றையும் கரிக்கட்டையால் வரைந்து, மாடு வாங்க வந்தவரிடமே கொண்டுபோய்க் காட்டினாள்.

அப்பா அடித்தார். அவள் ஓடிவிடாமல் அண்ணன் பிடித்துக்கொண்டார்.

பிறகு நாற்பது வருடம் வாரப் பத்திரிகைகளில் அடுத்தவர் கதைக்குப் படம் போட்டாள். அடுத்தவர் கதைக்கு அடி விழாது. வில்லன்களுக்கெல்லாம் அண்ணனின் மூக்கை வைத்தாள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அண்ணன் வீட்டில் பத்திரிகை வடை எண்ணெய் ஒற்ற மட்டுந்தான்.

"படம் போட்டுட்டே இருந்திருந்தா ஆருக்குத் தொந்தரவு?" என்றார் அண்ணன். "எளுத்து எதுக்கு உனக்கு?"

எதுக்கா.

அப்பாவின் காரியம் முடிந்த அன்று, சொந்தபந்தம் சுற்றி உட்கார்ந்திருக்க, இதே மாதிரி ஒரு துண்டு. கடைவீதியில் அப்பாவுக்கு வரிசையாக ஐந்து கடை. இரண்டு கடை கேட்டு அவள் அண்ணனின் இரண்டு விரலைப் பிடித்தாள். அண்ணன் அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்தார். பின்பக்கமாக வளைத்தார். சத்தம் வந்தது. துண்டை உருவினார்.

"தங்கச்சி ஒண்ணும் வேண்டாங்குது."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் அழுதாள். அப்பாவை நினைத்து அழுகிறது, பாவம் என்றார்கள்.

விரல் கோணலாகவே கூடியது. வரைகிற கை.

எட்டாம் அத்தியாயம் அவ்வளவுதான்.

அவள் கையைத் துண்டுக்குள் விட்டாள்.

"இந்த வருசம் மழையே காணோம்," என்றார் அண்ணன். கட்டைவிரலைப் பிடித்தார். ஒரு கடை.

"ஆமாங்ணா."

அடுத்த விரல்.

"கெணறெல்லாம் வத்திப்போச்சு."

"ஆமாங்ணா."

மூன்று. நான்கு.

அவள் அசையவில்லை. இன்னும் ஒரு கடை பாக்கி. அதற்கு இன்னும் ஒரு விரலைப் பிடித்தாக வேண்டும்.

அண்ணனின் கை நகர்ந்து வந்தது. கோணலான கணுவில் பட்டது. நின்றது.

மழையைப் பற்றிய பேச்சும் நின்றது.

அந்த விரலை அவர் பிடிக்கவில்லை. விடவும் இல்லை.

அவள்தான் துண்டை உருவினாள். மடித்து அவர் தோளில் போட்டாள். கதவுப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணன் ஒண்ணும் வேண்டாங்கறாருங்க, மாப்பிள்ளை."

மருமகனுடையதும் சந்தை பார்த்து வளர்ந்த தலை. பழக்கத்தில் ஆடிவிட்டது.

எட்டாம் அத்தியாயம் முடிந்த பக்கத்தைப் புரட்டி, அவள் பேனா மூடியைத் திறந்தாள்.