கடைசிக்கு முந்தின ஆள்

“நெஞ்சு வலிக்குதா பெரியவரே? மறைக்காம சொல்லுங்க.”

ஓட்டத்தை நிறுத்தாமலேயே கேட்டாள் ஜோயேன். ஓட்டம் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். நடைபாதையில் நாயோடு போன ஒரு அம்மாள் சற்று முன்புதான் இருவரையும் முந்திக்கொண்டு போயிருந்தாள்.

“வலியெல்லாம் இல்லம்மா. மெதுவாவே போவோமே” என்றார் கிளிஃபர்ட்.

வாய் அப்படிச் சொன்னதே தவிர, பயத்தில் அவருக்கு நாக்கு வறண்டிருந்தது. ஓடைக்கரைக்கு இன்னும் அரை மைல். அங்கே வேலை முடிந்து, வந்த வழியே முழுதாகத் திரும்பியாக வேண்டும். நடுவழியில் ஏதாவது ஆகிவிட்டால்?

ஷெஃபீல்டில் புதன்கிழமை சாயங்காலம் தவறாமல் பதினைந்து பேர் நூலக வாசலில் கூடுவார்கள். ஏதாவது ஒரு பூங்காவுக்கோ தோப்புக்கோ கூட்டமாக ஓடி, முக்கால் மணி நேரம் களை பிடுங்கி, மறுபடி ஓடித் திரும்புவார்கள். வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் ஒரு சட்டத்தில் மட்டும் தலைவி பெவர்லி கறார். ஆரஞ்சு மேல்சட்டை போட்டவர்தான் கடைசி ஆள். அவர் யாரையும் முந்தக் கூடாது, யாரையும் வழியில் விட்டுவிட்டும் வரக் கூடாது.

இன்று அந்தச் சட்டை ஜோயேன் மேல் இருந்தது. அவளுக்கு முன்னால், மற்ற எல்லோருக்கும் பின்னால், கிளிஃபர்ட்.

“போன வருஷமெல்லாம் நான்தான் முதல்ல வருவேன், தெரியுமா? ஸ்கூல்ல வேலை ஜாஸ்தின்னு எட்டு மாசம் வரல. இன்னைக்கு ஆசையா வந்தா, பெவர்லி இந்தச் சட்டையை மாட்டி விட்டுட்டா. நீங்க புதுசு, உங்களுக்கு எங்க தெரியப்போகுது!”

“என்னால உன் ஓட்டம் கெட்டுப்போச்சு.”

“அதை விடுங்க. உங்களை முழுசா கொண்டுபோய்ச் சேர்த்தாப் போதும்.”

சேர்ந்தால் போதும் என்றுதான் அவரும் வேண்டிக்கொண்டிருந்தார்.

ஓடைக்கரை முழுக்கக் காசித்தும்பை இளஞ்சிவப்பாக மண்டிக் கிடந்தது. பார்க்க அழகுதான், ஆனால் விட்டால் வேறு ஒரு செடியையும் வாழ விடாது. முன்னால் வந்தவர்கள் ஏற்கெனவே பாதியைப் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். குவியலை மேட்டுக்குக் கொண்டுபோக ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி ஒன்று நின்றது. கிளிஃபர்ட் விறுவிறுவென்று போய் அதன் கைப்பிடியைப் பிடித்தார்.

“உங்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை? குடுங்க இப்படி!” ஜோயேன் வண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“ஐயோ, வேண்டாம்! அது மேடும்மா, கனம்!”

அவள் காதில் வாங்கவில்லை. ஈரச் செடிகளை அள்ளிப் போட்டு, வண்டியை மேட்டில் ஏற்றத் தொடங்கிவிட்டாள். கிளிஃபர்ட் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் தலை நிமிரவில்லை. சொல்லி வைத்தாற்போல் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

“ஜோயேன்! தலையைச் சுத்துது!” என்று கத்தியபடி அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

வண்டியைப் போட்டுவிட்டு அவள் பாய்ந்து இறங்கினாள்.

“ஓடாதே! மெதுவா வா!”

“மயக்கம் போட்டு விழுற நேரத்துலயும் எனக்குப் புத்தி சொல்றீங்களே! ஆம்புலன்ஸைக் கூப்பிடவா?”

“வேண்டாம். என் பக்கத்துல உக்காரு. எங்கயும் போயிடாதே.”

உட்கார்ந்தாள். கிளிஃபர்ட் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

“என்ன அப்படிப் பாக்குறீங்க? இங்க சாகுற எண்ணமெல்லாம் வச்சுக்காதீங்க. பாவம் பெவர்லி, எத்தனை ஃபாரம் நிரப்பணுமோ!”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை முடியும் வரை அவளை எழுந்திருக்க விடாமல், உட்கார்ந்த இடத்திலேயே கைக்கு எட்டிய செடிகளைப் பிடுங்க வைத்தார்.

திரும்பும் வழி இன்னும் மோசம். இரண்டு விளக்குக் கம்பத்துக்கு ஒருமுறை நின்றார். ஷூ லேஸைக் கட்டினார். கட்டிய லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினார். ஜோயேன் பல்லைக் கடித்துக்கொண்டு, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, பின்னாலேயே வந்தாள். நூலகத்தின் கூரை கண்ணில் பட்டபோதுதான் அவருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

வாசலில் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் பெவர்லி. ஜோயேன் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி அவளிடம் நீட்டினாள்.

“இந்தா, உன் பெரியவர் முழுசா வந்து சேர்ந்துட்டார். அடுத்த வாரமும் சட்டை எனக்குத்தான். இந்த மனுஷனை வேற யாரை நம்பியும் விட முடியாது.”

சொல்லிவிட்டு, காரில் காத்திருந்த கணவனோடு புறப்பட்டாள். கார் தெருமுனை திரும்பும் வரை கிளிஃபர்ட் மூச்சுக்கூட விடவில்லை. பிறகு சுவரில் சாய்ந்து முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார்.

“அடுத்த வாரம் வேற யாரையாவது பாரு பெவர்லி. என்னால முடியாது. அந்த வண்டியை அவ தள்ளினப்போ எனக்கு உயிரே போயிடுச்சு.”

“நான் மட்டும் என்ன பண்ணுவேன்? இவளுக்கு இதயத்துல ஆபரேஷன் ஆகி அஞ்சு மாசம்தான் ஆகுது, மெதுவா மட்டும் ஓடலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார், இவ கேக்கவே மாட்டாளேன்னு அவ புருஷன் ஃபோன்ல அழாத குறை. ஆரஞ்சுச் சட்டையை அவளுக்குப் போட்டுவிட்டு, நம்ம கூட்டத்துலயே வேகமா ஓடுற உன்னை முன்னாடி நொண்ட விட்டாத்தான் கிளிஃப், அவ மெதுவா ஓடுவா!”